தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றுபோனால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் சென்ற மாதம் வெளிவந்த புகைப்படக் கலை பற்றிய கட்டுரையையும், அதற்கு மறுப்பாக அடுத்த வாரம் கிள்ளான் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கேமரா எதுவாக இருந்தால் என்ன, பார்க்கும் கண்தான் முக்கியம் என்பது கட்டுரையாளரின் முடிவு. மகளின் திருமணத்துக்குப் படம் எடுக்க வருகிறவர் எந்த ஆண்டு மாடல் கேமரா வைத்திருக்கிறார் என்று விசாரித்த பிறகுதான் முன்பணம் கொடுத்ததாகக் கிள்ளான் வாசகர் எழுதியிருந்தார். 1987ஆம் ஆண்டு செந்தூலில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, இன்றுவரை கோலாலம்பூர் வட்டாரத்தில் திருமணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று படம் எடுத்தே குடும்பம் நடத்தி வருகிறவன் நான். இருவரோடும் எனக்கு மாறுபாடு உண்டு. தொழில்காரனுக்குக் கருவி மிக முக்கியம்; ஆனால் அது முக்கியமாவது, கட்டுரையாளர் மறுக்கும் காரணத்துக்காகவும் அல்ல, கிள்ளான் வாசகர் நம்பும் காரணத்துக்காகவும் அல்ல.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தார். கருவியைக் குறை சொல்லித் தப்பிக்கும் படக்காரர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே பழமொழியில் குற்றமில்லை. ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கிற நாள்களும் உண்டு என்பதை அந்த மேடையில் ஏறி ஆடியவர்கள் அறிவார்கள். காலை ஆறரை மணி முகூர்த்தம், கோயில் மண்டபம், குத்துவிளக்கு, இரண்டு குழல் விளக்கு, ஓமப் புகை; ஃபிளாஷ் போட வேண்டாம் என்று குருக்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இந்த வெளிச்சத்தில் எஃப் 2.8 வரை திறக்கும் லென்ஸ் இருந்தால் (எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும்), ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு அளவை 3200இல் வைத்து, வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் கதவான ஷட்டரை நொடியில் 160இல் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டி நான் சமாளித்துவிடுவேன். கேமராவோடு பெட்டியில் சேர்ந்து வரும் மலிவான லென்ஸோ, தூரத்தில் இருப்பதை இழுத்துப் பார்க்கும்போது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு இரண்டு படி, அதாவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். அதை ஈடுகட்ட ஷட்டரை 40இல் ஒரு பங்குக்கு இறக்கினால் தாலி முடியும் விரல்கள் கலங்கிப்போகும். ஐஎஸ்ஓவை 12,800க்கு ஏற்றினால் பழைய கேமராவில் மணமகளின் கூந்தலும் கூறைப் புடவையின் மடிப்பும் மணல் தூவியது போலாகிவிடும். கிட்டே போய் எடுக்கலாமே என்பவர்கள், அந்த நொடியில் மணவறையைச் சுற்றி யார் யார் நிற்பார்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

மண்டபத் திருமணங்களில் தொல்லை வேறு விதமானது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் பல, சுழற்சிக்கு இரண்டு முறையாக, நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு வேகமாக எடுத்தால் மணமக்களின் முகத்தில் வரிவரியாக இருட்டுப் பட்டைகள் விழும், ஏனென்றால் பெரும்பாலான கேமராக்களின் சென்சார் (வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சில்லு) படத்தை ஒரே நேரத்தில் படிக்காமல் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படம் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் முழுச்சட்டக் கேமராவை (பழைய படச்சுருளின் ஒரு சட்டம் அளவுக்குச் சென்சார் உள்ளது) சோனி நிறுவனம் 2023 நவம்பரில்தான் அறிவித்தது, அதன் விலையைக் கேட்டால் மணமகனுக்கே மயக்கம் வரும். அது இல்லாதவன் என்ன செய்வது? ஷட்டரை 100இல் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும், அந்த வேகத்தில் கைகள் கலங்காமலிருக்க, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு இறுக்கும்போது விரல்கள் ஒரு கணம் அசையாமல் நிற்குமே, அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மீதி இரண்டு முடிச்சை நாத்தனார் போடும் வீடுகளில் இன்னொரு வாய்ப்பும் கிடைக்கும். இதற்குப் புதுக் கேமரா வேண்டியதில்லை. நம் வீட்டுச் சடங்கு எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அட்சதை பறக்கும்போது தானாகக் குவியும் லென்ஸ் மணமக்களை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் அவ்வாறே பட்டுத் தெரிந்துகொள்வதுதான். கெட்டிமேளம் தொடங்குவதற்கு முன்பே தூரத்தை நிலைநிறுத்திவிடுவது என் வழக்கம்.

கட்டுரையாளர் பிரான்சு நாட்டின் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோனை உதாரணம் காட்டி, வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு சிறு லைக்கா கேமராவோடும் 50 மில்லிமீட்டர் லென்ஸோடும் அவர் கழித்தார் என்று எழுதியிருந்தார். அது உண்மை. ஆனால் அந்த லைக்காவே அந்தக் காலத்தில் பெரும் கருவிப் புரட்சி என்பதை அவர் மறந்துவிட்டார். ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்து 1925ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்தக் கேமரா, சினிமாப் படச்சுருளை எடுத்துச் சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியில் போட்டு 36 படங்கள் எடுக்க வைத்தது. அதற்கு முன்பு பத்திரிகைக்காரர்கள் பலர் தகட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். தெருவில் யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டே எடுக்கும் கலை, அப்படி எடுக்க முடிகிற கருவி வந்த பிறகே பிறந்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படக்காரராகப் பெயர் பெற்ற ஹோமாய் வியாரவாலா, சேலை உடுத்திக்கொண்டு, ஸ்பீட் கிராஃபிக் என்ற கனமான கேமராவைச் சுமந்து டில்லியில் வேலை செய்தார் என்பது அவருடைய திறமைக்கும் உடல்வலுவுக்கும் சான்று. கருவி ஒரு பொருட்டே அல்ல என்பதற்கு அதைச் சான்றாக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கார்த்தியே பிரெசோன் ஒரு தெருமுனையில் நின்று, படம் சரியாக வரவில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். எடுக்காமல் விட்ட படத்துக்காக யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. என்னைப் போன்றவனுக்கோ தேதியும் இடமும் நாழிகையும் பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்தவை. தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. (சொன்ன படக்காரர் ஒருவரை நான் அறிவேன், அன்று வாத்தியார் அவரைப் பார்த்த பார்வையைப் படம் எடுக்க அருகில் வேறு படக்காரர் இல்லை.)

2010ஆம் ஆண்டு ரவாங்கில் ஒரு திருமணம். அன்று நான் வைத்திருந்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) அந்தக் காலத்தில் நல்ல பெயர் பெற்றது, லென்ஸ்களும் குறைவில்லை, ஆனால் மெமரி கார்டு போட ஒரே ஓர் இடம்தான் அதில் இருந்தது. முகூர்த்தம் முதல் விருந்து வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினால் கோப்பு எதுவும் திறக்கவில்லை. மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டதில் ஏறத்தாழ 60 படங்கள் கிடைத்தன. அவற்றில் பந்திப் படங்கள் உண்டு, வாழைமரத் தோரணம் உண்டு, தாலி கட்டும் படம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெண்ணின் அப்பா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர், “ஒரு படம்கூடவா இல்ல தம்பி?” என்று மட்டும் கேட்டார். பிறகு தெரியவந்தது, உறவினர் பையன் ஒருவன் கையடக்கமான சின்னக் கேமராவில், மூன்றாவது வரிசையிலிருந்து, யாரோ ஒருவரின் தோளுக்கு மேலாக எடுத்த படம் ஒன்று இருந்தது. மங்கல், கோணல், பாதி முகம் மறைப்பு. அதைத்தான் சட்டம் போட்டு அவர்கள் வரவேற்பறையில் மாட்டினார்கள். பல ஆயிரம் ரிங்கிட் பெறுமான என் கருவியைவிட அந்தச் சின்னக் கேமரா அன்று உயர்ந்ததாகிவிட்டது, அதில் படம் இருந்தது என்ற ஒரே காரணத்தால்.

அன்றிலிருந்து என் கணக்கு மாறியது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகும் பாடியை வாங்கும்வரை, திருமணத்துக்குப் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) நண்பரிடம் இன்னொரு பாடியை இரவல் வாங்கிக்கொண்டு போவேன். 2018இல் கேனனும் நிக்கானும் தங்கள் புதிய முழுச்சட்ட மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களை ஒற்றைக் கார்டு இடத்தோடு வெளியிட்டபோது உலகெங்கும் திருமணப் படக்காரர்கள் முணுமுணுத்ததன் காரணம் வெளியார் பலருக்குப் புரியவில்லை. 2020இல் வந்த அடுத்த மாடல்களில் இரண்டாவது இடமும் சேர்ந்துவிட்டது. ஷட்டரின் ஆயுளையும் பாருங்கள். தொழில்காரர்களுக்கான பாடிகளுக்கு 150,000 அல்லது 200,000 முறை என்று நிறுவனங்கள் குறிப்பது வழக்கம். ஒரு திருமணத்துக்கு 2,000 படம், ஆண்டுக்கு 50 திருமணம் என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம். பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவர் ஒரு பாடியைப் பதினைந்து ஆண்டு வைத்திருக்கலாம். நல்ல வரும்படி உள்ள படக்காரர் அந்த எண்ணிக்கையை இரண்டு ஆண்டில் எட்டிவிடுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வேண்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1987இல் என் முதலாளி வைத்திருந்தவை, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள யாஷிகா கேமராக்கள், ஒரே மாதிரியானவை, இரண்டு. ஒரு ரோலில் 12 படம். ஒரு திருமணத்துக்குப் பத்து ரோல். இரண்டாவது யாஷிகாவில் எப்போதும் ஒரு ரோல் போட்டு, பையில் துணி சுற்றி வைத்திருப்பார். அதை அவர் வெளியே எடுத்ததை, அவரிடம் வேலை செய்த ஆறு ஆண்டில் நான் இரண்டு முறைதான் பார்த்தேன். எதற்கு இந்தச் சுமை என்று ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கருவி முக்கியமில்லை என்று எவரேனும் சொன்னால், நம்மைப் போன்ற கறுத்த மேனியர் அதை ஏற்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலர்ப் படச்சுருள் காலத்தில் நிறத்தைச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பி வந்த அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருக்கும்; ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி. பல இனத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. அதற்குள் நம் வீட்டு ஆல்பங்களில் எத்தனை தாத்தாக்கள் பளீரென்ற வெள்ளை வேட்டிக்கு மேலே கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி உட்கார்ந்துவிட்டார்கள் என்பதை வீட்டில் எடுத்துப் பார்க்கலாம். படம் எடுத்தவரின் கைத்திறனை மட்டும் அதற்குக் குறை சொல்வது அநியாயம். பிரிண்ட் போடும் இயந்திரமும் படத்தின் சராசரி வெளிச்சத்தைச் சாம்பல் நிறத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்; அதனால் வேட்டியும் ஜிப்பாவும் நிறைந்த படம் அழுக்காகவும், இருண்ட கோயில் படம் வெளுத்துப்போயும் வரும். ரோலைக் கொடுக்கும் உறையின் மேல் முதலாளி பேனாவால் குறிப்பு எழுதி அனுப்புவார். ஆய்வகத்துக்காரர் அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

இன்றைய கேமராக்களில் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால், 14 பிட் பதிவு செய்யும் பாடியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் கிடைக்கின்றன, வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் 256தான். இருட்டில் மறைந்த முகத்தைப் பின்னர் தூக்கி நிறுத்த அது கைகொடுக்கிறது. அரக்குச் சிவப்புக் கூறைப் புடவையில் மட்டும் இன்றும் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் பலமான வெளிச்சத்தில் சிவப்பு முதலில் நிரம்பி வழிந்து, ஜரிகைக்கும் மடிப்புக்கும் வேறுபாடு தெரியாத ஒரே சிவப்புத் துணியாகிவிடும். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுத்துப் பிறகு சரிசெய்வது வழி. அளவைக் குறைக்கத் தெரிய வேண்டும், குறைத்ததை மீட்டுத் தரும் சென்சாரும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் புடவை போய்விடும்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுச்சட்ட சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஒரு அங்குல வகை என்று பெருமையாக விற்கப்படும் கைப்பேசி சென்சாரே 13.2க்கு 8.8தான், பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு; அந்த அளவுக்கு அது பிடிக்கும் வெளிச்சமும் குறைவு. பகல் வெளிச்சத்தில் நண்பர்களுக்கு அனுப்ப அது போதும், நானே அப்படித்தான் அனுப்புகிறேன்.

இப்போது கிள்ளான் வாசகரிடம் வருகிறேன். புது மாடலைக் கேட்டு முன்பணம் கொடுக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இளைஞர்களை என்ன செய்திருக்கிறது என்பதை அவர் அறிய மாட்டார். பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட பாடியைத் தவணையில் எடுத்து, அதில் மாட்டுவதற்கு நல்ல லென்ஸ் வாங்கப் பணமில்லாமல், பெட்டியோடு வந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு, ஒரே பேட்டரி, ஒரே கார்டு என்று திருமணத்துக்கு வந்து நிற்கிற தம்பிகளை மாதத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அதே பணத்தில் கோலாலம்பூரின் பூடு வட்டாரக் கடைகளில் ஐந்தாறு ஆண்டுப் பழைய பாடி இரண்டு, ஆயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கும் எஃப் 1.8 திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஃபிளாஷ் இரண்டு என்று வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தொழில் தொடங்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் கிள்ளான் வாசகர் அவருக்கு முன்பணம் கொடுக்க மாட்டார், ஆகவே அந்தத் தம்பியும் கடனில்தான் விழுகிறார்.

பாடிக்கு முன்பே வாங்க வேண்டியது ஒன்று உண்டு, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை: டிரை கேபினட், அதாவது உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அலமாரியில் தோல்பைக்குள் மூடி வைத்த லென்ஸில் சில மாதங்களிலேயே சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்து, கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். ஈரத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் அந்தப் பெட்டியின் விலை, லென்ஸைப் பிரித்துத் துடைக்கும் கூலியோடு பார்த்தால் பெரிதல்ல. குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெயிலுக்கு ஓடிவந்து மணமக்களைக் காரில் ஏற்றும் படம் எடுக்க முயன்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: லென்ஸ் முழுவதும் நீராவி படிந்து சில நிமிடங்கள் எதுவும் தெரியாது. எந்த விலை லென்ஸும் இதற்கு விலக்கல்ல. விருந்து முடியும் தறுவாயில் இரண்டாவது பாடியைப் பையோடு வெளியே வைத்துவிட்டு வருவேன், வெளிக்காற்றின் சூட்டுக்கு அது பழகிக்கொள்ளட்டும் என்று. இங்கும் அந்த இரண்டாவது பாடிதான்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் படம் எடுக்கும்போது மட்டும் நான் இத்தனையும் சுமப்பதில்லை. 272 படிகளில் காவடிகளுக்கு இடையே, தோள்பட்டை இடிபட, திருநீறும் வியர்வையும் பறக்கும் கூட்டத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றினால் தூசி நேரே சென்சாரில் போய் உட்காரும். ஒரு பாடி, ஒரு லென்ஸ். குகைக்குள் மேற்கூரைத் திறப்பின் வழியாக வெளிச்சம் இறங்கும் இடத்தில் நின்றுகொண்டு, காவடி அங்கே வருமா என்று காத்திருப்பேன். வராவிட்டால் அடுத்த ஆண்டு. அங்கே எனக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, எனவே அங்கே மட்டும் கட்டுரையாளர் சொன்னது எனக்கும் பொருந்தும். அவர் திருமணப் படமெடுத்துப் பிழைப்பவரா என்பது கட்டுரையில் இல்லை. அதைக் குறிப்பிட்டிருந்தால் வாசகர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

கிள்ளான் வாசகரின் மகளுக்கு இன்னும் திருமணம் நடக்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்தப் படக்காரரை அவர் இன்னொருமுறை வீட்டுக்கு அழைத்து, நல்ல படம் பத்தைக் காட்டச் சொல்லாமல், ஒரே திருமணத்தின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்லலாம். அன்றிரவே படங்களை எங்கே, எத்தனை பிரதியாக எடுத்து வைப்பார் என்று கேட்கலாம். பிறகு பையைத் திறக்கச் சொல்லலாம். உள்ளே பழைய மாடல் இரண்டு இருந்தால், தயவுசெய்து முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
திருமணப் படம் எடுக்கும் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.